ஷூவைக் கழற்றச் சொன்னார்கள்

ஷூவைக் கழற்றச் சொன்னார்கள்.

எல்லோரும் கழற்றினார்கள். நான் மட்டும் லேஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பூந்தமல்லி தாண்டி இருக்கிற காலேஜ். ஓடுகிற, பந்தடிக்கிற பிள்ளைகளுக்கு அடிபட்டால் பார்க்கிற படிப்பு. அதில் சேர ப்ளஸ் டூவில் உயிரியல் எடுத்திருக்கணும், முதலுதவி சர்டிபிகேட் வேணும், டாக்டர் கையெழுத்து வேணும். எல்லாம் என் மகள் ஸ்வீட்லினிடம் இருந்தது. மீதி இருந்தது ஒன்றுதான். கூட ஒரு ஆளைக் கூட்டி வந்து, அந்த ஆளின் கணுக்காலில், சுளுக்காமல் இருக்க ஒட்டுகிற டேப்பைச் சுற்றிக் கட்டிக் காட்டணும். அதில் தேறினால்தான் சீட்டு.

அவளோடு ஆவடி கிரவுண்டில் ஓடுகிற பெண்கள் எத்தனையோ பேர். யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். நீதான் வரணும் என்று ஒரே பிடியாக நின்றாள். எதற்கு என்றால், சும்மா வாப்பா என்றாள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புச் சாமானை ஆசிட்டில் கழுவி முலாம் பூசுகிற ஒரு பிளேட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட். விடிகிற வரைக்கும் ரப்பர் பூட்ஸுக்குள் ஊறுகிற கால். கழற்றினால் எனக்கே குமட்டும். குதிகால் வெடிப்பில் ஏறின கறுப்பு எந்த சோப்புக்கும் போகாது. கட்டைவிரலில் நகம் கிடையாது. வலது கணுக்காலில் முடிகூடக் கிடையாது. பூட்ஸ் உரசி உரசிப் போய்விட்டது.

முந்தின நாள் குழாயடியில் உட்கார்ந்து செங்கல் துண்டால் தேய்த்துப் பார்த்தேன். தோல் சிவந்ததுதான் மிச்சம். என் சம்சாரம் ஷைலா வாசலில் நின்று சிரித்தாள்.

"காலை வெட்டிகினு போனாக்கூட தெரியாம தூங்கற ஆளு, இன்னிக்கு இன்னாத்துக்கு அதுக்கு இம்மாம் சிங்காரம்?"

ஸ்வீட்லின் அவளை முறைத்தாள். எனக்காகத்தான் கோபப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹாலில் வரிசையாகப் பாய் விரித்திருந்தார்கள். பக்கத்துப் பாய்களில் நீட்டியிருந்த கால்களைப் பார்த்தேன். மண் மிதிக்காத கால்கள். பார்க்கப் பார்க்க என் கால் ஷூவுக்குள்ளேயே சுருண்டது.

சுவரில் விதிமுறை ஒட்டியிருந்தது. நாற்பது வயதுக்கு மேல், சர்ச்சில் நடந்த மாலை வகுப்பில்தான் எனக்கு எழுத்து வந்தது. இன்னும் நீளமான வார்த்தை என்றால் உதடு அசையும். அசைத்து அசைத்து ஒரு வரிக்கு வந்தேன். காலில் புண், காயம் உள்ளவர்களை அனுமதிக்க இயலாது.

பரீட்சை வைக்கிற மேடம் எங்கள் பாய்க்கு வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். காலில் ஆசிட் பட்டுப் புண்ணாக இருக்குது மேடம் என்றேன்.

ஸ்வீட்லின் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று மேடம் கடிந்துகொண்டார். பிறகு, ஏற்கெனவே ஒரு பெண்ணுக்குக் கால் கொடுத்து முடித்திருந்த ராகேஷ் என்கிற பையனைக் கூப்பிட்டு, இவளுக்கு இன்னொரு காலைக் கொடுப்பா என்றார்.

நான் சுவரோரம் போய் நின்றேன். அப்பாடா என்றிருந்தது.

ஸ்வீட்லினுக்குக் கை ஓடவில்லை. எலும்பு எங்கே என்று தடவித் தேடினாள். டேப்பை ஒட்டினாள், பிய்த்தாள், மறுபடி ஒட்டினாள். எல்லா இடத்திலும் சுருக்கம். கூசுது என்று அந்தப் பையன் காலை இழுத்துக்கொண்டு சிரித்தான்.

மேடத்துக்குத் திருப்தி இல்லை. வீட்டில் யார் காலிலாவது கட்டிப் பழகினாயா என்று கேட்டார். ஸ்வீட்லின் தலையைக் குனிந்துகொண்டாள். சரி, இதைப் பிரித்துவிட்டு இன்னொரு தடவை கட்டு, அதுதான் கடைசி என்றார்.

அவள் டேப்பை உரித்தாள். ராகேஷ் துள்ளி எழுந்தான். டேப்போடு முடியெல்லாம் வந்துவிட்டது. அவன் கணுக்காலைச் சுற்றி வளையம் போட்ட மாதிரி வழவழவென்று வெறும் தோல்.

அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பூட்ஸை நான் இரண்டு காலிலும்தான் போடுகிறேன். முடி போனது வலது காலில் மட்டும்.

பகலில் ஜன்னலைச் சாத்திவிட்டு நான் தூங்குகிற அறை ஞாபகம் வந்தது. ஷைலா சிரித்தது ஞாபகம் வந்தது.

இரண்டு காலும் எரியுது, இனிமேல் என்னால் ஆகாது என்று ராகேஷ் ஒதுங்கிக்கொண்டான். வேறு யாராவது உண்டா என்று மேடம் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். யாரும் அசையவில்லை. ஸ்வீட்லின் என் பக்கம் திரும்பவே இல்லை.

போய்ப் பாயில் உட்கார்ந்தேன்.

"புண்ணெல்லாம் இல்ல மேடம். பொய் சொன்னேன்."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. ஹாலே திரும்பியது. வலது ஷூவைக் கழற்றினேன். சாக்ஸை உருவினேன். வாடை கிளம்பியது. பக்கத்துப் பாயில் இருந்த அம்மா முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார்.

மேடம் குனிந்து என் கணுக்காலைப் பார்த்தார். அப்புறம் ஸ்வீட்லினைப் பார்த்தார். டேப்பை அவள் கையில் கொடுத்தார்.

அவள் என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை அவள் விரல் எதையும் தேடவில்லை.

நான் கண்ணை மூடிக்கொண்டேன், தூங்குகிறவனைப் போல.