ஒரு தட்டுக்கு மிதி, இரண்டு தட்டுக்கு விடு

ஸ்பேனரால் லாரியின் அடிச்சட்டத்தில் ஒரு தட்டு தட்டினான். மேலே கேபினில் இருந்த மனைவி பிரேக்கை மிதித்தாள். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், பிரேக்கைத் தள்ளும் கம்பி வெளியே வந்து நின்றது.

இரண்டு தட்டு தட்டினான்.

கம்பி உள்ளே போகவில்லை.

லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் மறுபடியும் தட்டினான். அவள் காலை எடுத்தால் 'புஸ்' என்று காற்று இறங்க வேண்டும். இறங்கவில்லை.

தட்டுவது அவர்கள் வீட்டுப் பாஷை. சொந்த வண்டி, சொந்த ரிப்பேர். ரோட்டோர இரைச்சலில் கத்திக் கத்தி இவன் தொண்டை கட்டிப்போன ஒரு நாளில் அவள் கண்டுபிடித்தது. ஒரு தட்டுக்கு மிதி, இரண்டு தட்டுக்கு விடு. அன்றிலிருந்து ஒரு தட்டைக்கூட அவள் தவறவிட்டதில்லை.

ஆர்.டி.ஓ. மைதானத்தில், வண்டிச் சோதனை வரிசையில் முன்னால் ஒரே ஒரு டிப்பர்தான் நின்றது. அது முடிந்ததும் ஆபீசர் இங்கே வருவார். பிரேக் சரியில்லை என்றால் தகுதிச் சான்று கிடையாது. சான்று இல்லாமல் ரோட்டில் ஏறக்கூடாது. மறுதேதி கிடைக்கும்வரை வண்டி, கட்டிப்போட்டுத் தீனி போடும் யானைதான்.

வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைகிறதே என்று நொந்துகொண்டான்.

மேலே பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் இருவருக்கும் பேச்சு இல்லை.

முன்பக்கம் உரசுகிற சத்தம் வருகிறது, பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள் என்று அவள்தான் முதலில் சொன்னாள். ஓட்டுகிறவனுக்குத் தெரியாதா என்று இவன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். அன்று அடைத்த வாய்.

இன்று விடிவதற்குள் தனியாக எழுந்து டிரம்மைக் கழற்றினான். உள்ளே லைனிங் வழித்துவிட்ட மாதிரி தேய்ந்து, அதைப் பிடித்திருந்த ரிவிட்டுகள் பல்லை இளித்தன. அவள் சொன்னதுதான் சரி. சத்தம் போடாமல் புதியதை மாட்டி, சக்கரத்தையும் முடுக்கிவிட்டான். சரி என்று ஒத்துக்கொள்வதைவிட ஆயுசுக்கும் ஊமையாக இருந்துவிடலாம் என்று தோன்றியது.

பின்னால் நின்ற லாரியின் சொந்தக்காரர், மீசைக்காரர், குனிந்து பார்த்தார்.

"என்ன மாப்ளே, பிடிச்ச பிடி விட மாட்டேங்குதா?"

மிதிக்கு அடியில் இருக்கும் கால் வால்வு போய்விட்டது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். தண்ணீர் லாரிக்காரர் வந்து, இல்லவே இல்லை, ஸ்பிரிங்தான் என்றார். இரண்டு பேருமாகக் கையில் மசகு படாமல், வாயாலேயே வண்டியை அக்கக்காகக் கழற்றிப் போட்டார்கள்.

அவனும் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டான். வால்வை, ஸ்பிரிங்கை, காற்றுக் குழாயை, லைனிங் விற்ற கடைக்காரனை, தனக்குப் பெண் கொடுத்த மாமனாரை.

டிப்பர் நகர்ந்தது. ஆபீசரின் பூட்ஸ் இந்தப் பக்கம் திரும்பியது.

இரண்டு தட்டு. இரண்டு தட்டு. மேளக்காரன் தோற்றான்.

"அடியே! காலை எடுத்துத் தொலையேன்டி!"

புஸ்ஸ்ஸ்.

கம்பி நல்ல பிள்ளையாக உள்ளே போனது.

கேபின் ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. "அட, பேச்சு வருது! ஊமையாயிட்டீங்களோன்னு பயந்தே போனேன்."

அவன் வாயைப் பிளந்தபடி கிடந்தான். வண்டியில் சந்தேகப்படாத சாமான் பாக்கியில்லை. அவள் காலைச் சந்தேகப்பட மட்டும் தோன்றவே இல்லை.

கம்பி மறுபடி வெளியே வந்தது. இந்த முறை அவன் தட்டவே இல்லை.

"லைனிங் எப்படிங்க இருந்துச்சு?" குரலில் தேன் ஒழுகியது.

"சொல்லித் தொலை மாப்ளே, பூட்ஸ் வருது," என்றார் மீசைக்காரர்.

"ரிவிட் தெரிஞ்சுது!"

"அப்ப யாரு சொன்னது சரி?"

"நீ சொன்னது சரி! உங்கப்பா சொன்னது சரி! உங்க வம்சமே சொன்னது சரி! காலை எடு தாயே!"

புஸ்ஸ்ஸ்.

வரிசை முழுக்கச் சிரித்தது. யாரோ ஹாரனை அமுக்கினார். விஷயமே தெரியாமல் பத்து வண்டி கூடச் சேர்ந்து அமுக்கியது. லாரிக்கு அடியில் இவனுக்கும் சிரிப்பு பீறிட்டது. சிரிக்கச் சிரிக்க மண் வாயில் விழுந்தது, துப்பிவிட்டு மறுபடி சிரித்தான்.

ஆபீசர் குனிந்தார். "என்னப்பா கூத்து? மிதிக்கச் சொல்லு."

பழக்க தோஷத்தில் ஸ்பேனரைத் தூக்கினான். அப்புறம் கீழே வைத்தான்.

"மிதிம்மா."

கம்பி வந்தது.

"விடும்மா."

போனது. கம்பி நகரும் தூரம் தெரிய அவன் போட்டு வைத்திருந்த சாக்பீஸ் கோட்டை ஆபீசர் பார்த்தார், அளந்தார். மற்ற சக்கரங்களையும் சுற்றி வந்தார். ஓட்டிப் பார்த்து, நிறுத்திப் பார்த்து இறங்கினார்.

"பிரேக் யார் வேலை?"

"நாங்க ரெண்டு பேரும்தான் சார்."

"நல்லா பிடிக்குது. எடுத்துட்டுப் போ."

இறக்கை முளைத்த மாதிரி கேபினுக்குள் தாவி ஏறினான். அவள் தன் இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் என்னவோ இருந்தது.

பழைய லைனிங். டூல் பெட்டியின் அடியில், சாக்கில் சுற்றி, மேலே ஜாக்கியை வைத்து அவன் புதைத்தது. துடைத்துக்கூட வைத்திருந்தாள். ரிவிட்டுகள் பளபளத்தன.

"எப்ப எடுத்தே?"

"நீங்க அடியில போய்ப் படுக்கறதுக்கு முன்னாடியே."