மூன்றாம் நாள் பால்

கூலாய்த் தோட்டத்து அத்தாப்பு ஓலைக் கூரைக் கோயிலுக்குள் ஈஸ்டர் விடியல் இன்னும் சாம்பல் நிறத்தில்தான் இருக்கிறது. ரப்பர் இலைகளிலிருந்து பனி சொட்டுவது கேட்கிறது. உபதேசியார் தேவசகாயம் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, மரச்சிலுவையின் அடியில் குந்தியிருக்கும் அஞ்சலையை முறைக்கிறார். போன மாதம்தான் ஞானஸ்நானம் பெற்றவள். டின்பாலைத் தண்ணீரில் கரைத்துச் செம்பு நிறையக் கொண்டுவந்திருக்கிறாள். "என்னம்மா இது?" என்கிறார். "வெள்ளிக்கெழம செத்தாரு. இன்னிக்கி மூணாம் நாளு. பால் தெளிக்க வேணாமுங்களா ஐயா?" அவர் நாற்பது நாளாகத் தொண்டை கிழியச் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. "செத்தவங்களுக்குத்தாம்மா பாலு! இவரு எந்திரிச்சிட்டாரு! கல்லறை காலி! எத்தன தடவ சொல்றது?" செம்பு அவள் கையைவிட்டு இறங்கவில்லை. "எம் புருசன் காய்ச்சல்ல போனப்ப, மூணாம் நாளு கங்காணி என்னைய வேலைக்கு வெரட்டிட்டான். ஒரு சொட்டு தெளிக்கல. இவருக்கும் இல்லீங்களா?"

உபதேசியார் பல்லைக் கடித்தபடி வேதப்புத்தகத்தைப் புரட்டுகிறார். எழுத்திலேயே காட்டிவிட்டால் வாயடைத்துப் போவாள் என்ற வேகத்தில் உரக்க வாசிக்கிறார். மூன்றாம் நாள் விடியற்காலையில் பெண்கள் கல்லறைக்கு வருகிறார்கள்; பிணத்துக்குப் பூச வாசனைத் திரவியங்களோடு வருகிறார்கள். அந்த வரியில் விரலை வைத்து மறுபடி ஒருமுறை மெதுவாக வாசிக்கிறார்.

அஞ்சலை நிமிர்ந்து பார்க்கிறாள். "பாத்தீங்களா ஐயா, அவங்களும் வெறுங்கையோட வரல."