சிவப்புப் புள்ளி

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம். ஒரு வீட்டில் படம் எடுத்த கதை சொல்கிறேன். நீங்கள் கொட்டாவி விடுவதற்குள் முடித்துவிடுவேன்.

"ஸ்டார்ட்" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு மாதம். மடக்கு ஏணியின் மூன்றாம் படியில் செல்போனைத் துணிக் கிளிப் போட்டு நிறுத்தியிருந்தார். வீட்டுக் கூடம்தான் ஸ்டூடியோ. குறும்படத்தில் ஒரே காட்சி: சண்டை போட்ட அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள்.

அக்காவாக நடித்தது அவர் மனைவி. தங்கையாக நடித்தது மனைவியின் சொந்தத் தங்கை.

இருவரும் பேசிப் பதினோரு வருடம். அம்மாவின் தையல் மெஷின் யாருக்கு என்பதில் வந்த வினை. வேற்று ஆளைப் போட்டு எடுக்கப்போகிறேன் என்று மெக்கானிக் ஒரு பொய் சொன்னதும், என் வேஷத்தை எவளோ போடுவதா என்று தங்கை மறுநாளே பெட்டியோடு வந்து இறங்கினாள்.

படம் முடிந்தால் கிளம்பிவிடுவாள். அதற்குள் இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். அவர் படம் எடுத்ததே அதற்குத்தான்.

கேமராவுக்கு முன்னால், கூடத்திலேயே கிடந்த அந்தத் தையல் மெஷின் நனைகிற மாதிரி அழுதார்கள். "கட்" என்றதும் மூக்கைச் சிந்திவிட்டு ஆளுக்கொரு மூலை.

"அத்தான், அந்தம்மா என் முதுகைச் சரியாத் தடவலை. இன்னொரு தரம் எடுங்க."

மனைவியும் சளைக்கவில்லை. எதிரே நிற்கிற நடிகைக்கு இடது கண்ணில் மட்டும்தான் தண்ணீர் வருகிறது, அதுவும் தாமதமாக வருகிறது என்று அவரிடமே புகார் சொன்னாள்.

இப்படியே எட்டு நாள். ஒரே கட்டிப்பிடிப்பு, நாற்பது தரம். பக்கத்து வீட்டுக்காரர் துக்கம் விசாரிக்க வந்து, விஷயம் தெரிந்து, கொஞ்சம் ஏமாற்றத்தோடு திரும்பிப் போனார்.

ஒன்பதாம் நாள் காலை, நல்லதாக ஒன்றைப் பொறுக்கலாம் என்று மெக்கானிக் போனைத் திறந்தார்.

ஒரு பதிவிலும் அழுகையைக் காணோம். வெறும் சுவர், காலி நாற்காலி, குறுக்கே போகிற அவருடைய தொப்பை.

முப்பது வருடம் லிஃப்ட் பார்த்த கை. லிஃப்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் கோளாறு. அதை அணைக்காமல் ஆளை ஏற்ற மாட்டார். போனில் பதிவு ஓடும்போது எரிகிற சிவப்புப் புள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் பதறிப்போய் அதைத் தட்டி அணைத்துவிட்டுத்தான் "ஸ்டார்ட்" சொல்லியிருக்கிறார். "கட்" சொல்லி மறுபடி தட்டியதும் அது எரிந்திருக்கிறது. பதிவானதெல்லாம் இடைவேளை மட்டும்.

தலையில் கை வைத்தபடி முதல் நாளின் முதல் பதிவை ஓட்டினார். அதில் அவர் தண்ணீர் குடிக்கப் போகிறார். தங்கை ஏணிக்குப் பக்கத்தில் வந்து, போனை எட்டிப் பார்க்கிறாள்.

"அக்கா, அத்தான் தலைகீழாப் பண்றார். நாம அழுதது எதுவுமே பதியலை."

"சொல்லிடாதடி. தெரிஞ்சா இன்னைக்கே படம் முடிஞ்சிடும்."

மெக்கானிக் அதை இரண்டாம் தரமும் ஓட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

ஆளுக்கொரு மூலையில், முகத்தைத் திருப்பிக்கொண்டு, இருவரும் தயாராக நின்றிருந்தார்கள்.

போனைக் கிளிப்பில் மாட்டினார். தட்டினார். சிவப்புப் புள்ளி எரிந்தது.

அதை அணைத்துவிட்டு, "ஸ்டார்ட்" என்றார்.

உங்கள் வீட்டிலும் படம் சீக்கிரத்தில் முடியாமல் இருக்கட்டும், கண்ணுகளா. வந்தவர்கள் இன்னும் நாலு நாள் தங்கட்டும்.