ஆபரேஷன் பண்ணின உடம்பு

‘அந்த எண் மட்டும் கீழே இருந்துவிடட்டும். வேறு எதுவும் வேண்டாம்.’

ஆய்வகத்தின் கண்ணாடிச் சன்னலையே பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை. உள்ளே மாற்றுப் பேண்ட், ஒரு பொட்டலம் பேடு, தண்ணீர் பாட்டில். புரோஸ்டேட் சுரப்பியைப் புற்றோடு சேர்த்து எடுத்த பிறகு அவருக்குச் செய்த முதல் ரத்தப் பரிசோதனை இது. எண் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் தப்பித்தார். ஏறி வந்தால் உள்ளே எங்கேயோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி முதலிலிருந்து எல்லாம். அவருக்கும், அவளுக்கும்.

காலையில் வெளியூரிலிருந்து மகள் அழைத்தாள். நிறைமாதம், கிளம்பி வர முடியாது. “அம்மா, அப்பாவ விட்டுட்டுப் போயிடாதம்மா” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“தண்ணி எங்க?” பக்கத்து நாற்காலியிலிருந்து அவர் கேட்டார்.

எடுத்துக் கொடுத்தாள்.

“ஜில்லுன்னு இருக்கு. இதக் குடிச்சா எனக்கு ஒண்ணுக்கு நிக்காதுன்னு எத்தன தடவ சொல்றது? மரமண்ட.”

அவள் பாட்டிலை வாங்கி மூடினாள். அந்தச் சொல் அவளுக்குள் போய் உட்காரத் தனக்கென்று ஓர் இடம் வைத்திருந்தது.

எதிர் வரிசையில் இருந்த இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் பஸ் டிரைவர், இன்னொருவர் கணக்கு வாத்தியார். இருவருக்கும் இதே ஆபரேஷன் முன்பே முடிந்திருந்தது. பரிசோதனைக்கு வந்துபோகும்போது வார்டுக்குள் எட்டிப் பார்த்து, குழாயும் பையுமாகப் படுத்திருந்தவரைத் தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டவர்கள். இன்று அவருக்குத் துணையாகவே வந்திருந்தார்கள்.

“மனசுல வச்சுக்காதம்மா” என்றார் வாத்தியார். “ஆபரேஷன் பண்ணின உடம்பு பேசுது, மனுஷன் பேசல. அதுவரைக்கும் அதிர்ந்து பேசாத நான், வீட்டுக்காரி மேல தட்டையே வீசினேன்.”

“எல்லாரும் இறுக்கிக்குங்க, ஜோக் வருது” என்று டிரைவர் எச்சரித்தார். சிரிப்போ தும்மலோ வருவதற்கு முன்னால் அடிவயிற்றை இறுக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சொட்டிவிடும். அதனால் முன்னறிவிப்பு இல்லாமல் ஜோக் சொல்லக் கூடாது என்பது அவர்கள் சங்கத்துச் சட்டம். மூன்று பேரும் முகத்தைக் கெட்டியாக வைத்துக்கொண்டார்கள்.

“நான் வீசல. எங்க வீட்டுல வீசினா அது அப்படியே திரும்பி வரும்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். இவர்களிடம் மட்டும் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கியதும் அவர் குரலைத் தாழ்த்தினார். “டிரைவரே, நெசத்தச் சொல்லுங்க. நான் நிலம் அளக்கறவன். நாள் பூரா வெட்டவெளியில நிக்கணும். கூட வேலை செய்யறவங்க முன்னாடி பேண்ட் நனைஞ்சுட்டா?”

“எனக்கு நனைஞ்சுதே! பஸ் நிறைய ஜனம். பாட்டில் தண்ணிய மடியில கவுத்துக்கிட்டு, ‘அய்யய்யோ, மூடி கழண்டுடுச்சு’ன்னு கத்தினேன். ஒரு அம்மா பாவப்பட்டு கைக்குட்டையே குடுத்தாங்க.” டிரைவர் எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டார். “கொறஞ்சுடும் சர்வேயரே. எனக்குக் கொறஞ்சுது. மொத நாள் வேலைக்கு நானும் கூட வரேன். நனைஞ்சா எனக்குன்னு சொல்லிடலாம்.”

அவர் கண்கள் கலங்கின. இந்தப் பயத்தை அவளிடம் அவர் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. ராத்திரி நனைந்த விரிப்பை மாற்ற அவள் போனால், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

சன்னலில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவரால் எழுந்திருக்க முடியவில்லை. “நீ போ” என்றார். அவள்தான் போனாள். தாளைப் பிரித்தாள். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. வாத்தியார் அவள் கையிலிருந்து வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். ஒரு முறை படித்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“என்ன வாத்தியாரே, சொல்லித் தொலைங்க!” என்றார் டிரைவர்.

“பூஜ்யம்யா! அளக்கறதுக்கே ஒண்ணும் இல்லையாம்! ஆயுசு பூரா பசங்களுக்குப் பூஜ்யம் போட்டிருக்கேன். பூஜ்யத்தப் பாத்து அழுகை வர்றது இன்னிக்குத்தான்.”

மூன்று ஆண்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள். இறுக்கிக்கொள்ள யாருக்கும் ஞாபகம் இல்லை. அவள் வாத்தியார் கையிலிருந்த தாளை வாங்கி, மடித்துத் துணிப்பைக்குள் வைத்தாள்.

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ தங்கச்சி” என்றார் டிரைவர். “நீ மட்டும் பக்கத்துல இல்லன்னா இந்த மனுஷன் தேறியிருக்கவே மாட்டாரு.”

வாசலில் வாடகைக் கார் காத்திருந்தது. அவரை மெதுவாக உள்ளே உட்காரவைத்து, துணிப்பையைப் பக்கத்தில் வைத்தாள்.

“ராத்திரி மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம். பேடு மேல் அலமாரியில இருக்கு.”

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். குரல் குழைந்திருந்தது. “நான் எரிஞ்சு விழுந்ததையெல்லாம் மறந்துடு. அவங்களே சொன்னாங்க பாத்தியா? ஆபரேஷன் பண்ணின உடம்பு, அதான் அப்படிப் பேச வச்சுது. இனிமே எல்லாம் சரியாயிடும். ஏறு. என்கூடவே இருந்துடு.”

அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். காரின் கதவைச் சாத்தினாள். பிறகு சன்னல் பக்கம் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

“வேண்டாங்க. நாம விவாகரத்து வாங்கினப்போ உங்களுக்கு எந்த ஆபரேஷனும் ஆகலையே.”