மிச்சமான இடம்

புது சர்வர் வந்ததும் வானிலை அலுவலகமே வாய் பிளந்தது. கூடம் முழுக்க நின்ற முப்பது அலமாரி மிஷின்களின் வேலையை இப்போது ஒரே அலமாரி செய்தது. நான்கு மணி நேரக் கணக்கு நாற்பது நிமிடத்தில் முடிந்தது.

இயக்குநருக்குப் பெருமை பிடிபடவில்லை. “இந்தப் புது பிராசஸருக்காக ஆறு மாசமா என் உயிரை வாங்கினீங்களேம்மா! வேகம்னா இதுதான் வேகம்” என்றார் இன்ஜினியரிடம்.

“வேகத்துக்காக மட்டும் கேக்கலை சார். இடத்துக்காகவும்தான்.”

“அதுவும் சரி. இந்தக் கூடத்தை மீட்டிங் ஹாலா மாத்திடலாம்.”

“முடியாது சார். நீங்க கையெழுத்துப் போட்ட திட்டத்துல கடைசிப் பக்கத்தைப் படிக்கலையா? இங்க குழந்தைகள் காப்பகம் வருது.”

அவர் திகைத்தார். “உங்களுக்குக் கல்யாணமே ஆகலையே! யாருக்காக?”

“புயல் எந்தப் பக்கம் திரும்பும்னு கரெக்டா சொல்ற மூணு பேர், குழந்தையைப் பாத்துக்க ஆளில்லாம வேலையை விட்டுட்டாங்க. மிஷின் கணக்குதான் போடும் சார். நேத்து போன் பண்ணினேன். மூணு பேரும் திரும்பி வர்றேன்னுட்டாங்க. அதுல உங்க மகளும் ஒருத்தர்.”

இயக்குநர் வெறும் சுவரைத் தடவிப் பார்த்தார்.

“மஞ்சள் பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கம்மா. என் பேத்திக்கு அதுதான் பிடிக்கும்.”