ஆமை நடை

"இந்த மாசம் மூணு தடவை தடுமாறி விழப் பார்த்தார், டாக்டர். இனிமே வீல்சேர்தானா?" மனைவி கலங்கினாள்.

பிசியோதெரபி டாக்டர் அவரை ட்ரெட்மில்லில் ஏற்றினார். அது மெதுவாக ஓடியபோது அவர் கால்கள் பின்னின. வேகத்தைக் கூட்டியதும் பிசகாமல் நடந்தார்.

மனைவியின் முகம் மலர்ந்தது. "கல்யாணமான புதுசுல இப்படித்தான் நடப்பார். கூட வர்றதுக்கு நான் ஓடணும். பஸ்ஸைக் கண்டா என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் பறப்பார்!"

"காலுக்கு ஒண்ணுமில்லை. ரொம்ப மெதுவா நடந்தாலும் நடை தடுமாறும். ஏன் சார் ஆமை மாதிரி நடக்கறீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அவளுக்கு முட்டிவலி. பாவம், வேகமா வர முடியாது."

அது அவள் காதில் விழுந்துவிட்டது.

"வலி போன வருஷமே போயிடுச்சுங்க! உங்களால முடியலைன்னுதானே நான் ஊர்ந்துக்கிட்டு வரேன்!"