வைரமழைப் பக்கம்

"வைரமழை புஸ்வாணம்னு தேடுனா நம்ம பக்கம் வருதாம்மா?" பட்டாசு கம்பெனி முதலாளி ஜெயபாண்டி மறுபடியும் கேட்டார்.

"புதுப் பக்கத்தை நம்ம வெப்சைட்டோட பக்கப் பட்டியல்ல, அதான் சைட்மேப்புல சேத்து கூகுளுக்கு அனுப்பியாச்சு அண்ணாச்சி. இனி அதுதான் எடுத்துக் காட்டணும்" என்றாள் கம்ப்யூட்டர் பார்க்கும் ரீனா.

சாப்பாட்டுக் கூடையோடு வந்த முருகேஸ்வரிக்குக் கணவரின் தவிப்பு விளங்கவில்லை. "லோடு பூராம் வித்துப்போச்சுன்னீக. நாளைக்குத் தீபாவளி. இன்னும் என்னத்துக்கு விளம்பரம்? சாப்பிடுங்க."

அவர் கூடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வந்துருச்சு அண்ணாச்சி! மொதல்ல நம்ம பக்கந்தான்!"

ரீனா அந்தப் பக்கத்தைத் திறக்க, முருகேஸ்வரி திரையை எட்டிப் பார்த்தாள். சிவப்பு எழுத்தில் இருந்தது: 'வைரமழையைக் கொளுத்தாதீர்கள். மருந்துக் கலவை தவறிவிட்டது. பூச்சொரியாது, வெடித்துவிடும்.'

"கடைக்காரவுகளுக்கெல்லாம் போன் போட்டுட்டேன்" என்றார் ஜெயபாண்டி. "வாங்கிட்டுப் போனவுகள நான் எங்கன போயித் தேடுவேன்? அவுகதான் நம்மளத் தேடணும்."